சங்குச் சிலுவை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்தே ஊருக்கே தெரிந்த விஷயம். தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் மீன்பிடிக்கிறவர் மகளாகப் பிறந்துவிட்டு, அலைச்சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு தூங்கியவள் நான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் பஸ் ஏறிய அன்று, கூட வந்த பெண்கள் ஜன்னலோரச் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். நான் மட்டும் பஸ் கவிழ்ந்தால் எந்தப் பக்கமாகக் குதிக்கலாம் என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

அன்று பஸ் கிளம்பும் முன்னால் அம்மா என் இடது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினாள். அதில் ஒரு சிலுவை. சங்கை அறுத்து இழைத்துச் செய்தது, கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். மாதா கோயில் திருவிழாக் கடையில் வாங்கியது.

"இது கையில கெடக்கிற வரைக்கும் எதுக்கும் பயப்படப்பிடாது, கேட்டியா?" என்றாள்.

ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் கேட்பார்கள், சிலுவை எதன் அடையாளம் என்று. மீட்பின் அடையாளம் என்று நாங்கள் நாற்பது பேரும் சேர்ந்து கத்துவோம். வருகைப் பதிவுக்கு உள்ளேன் சொல்வதுபோல அதுவும் ஒரு சொல். நம் பாவத்துக்கு நாம் வாங்கவேண்டிய தண்டனையை அவர் வாங்கிக்கொண்டார், நம் இடத்தில் அவர் நின்றார் என்பதெல்லாம் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. என்னைப் பொறுத்தவரை சிலுவை என்பது பயத்துக்குக் கட்டுகிற கயிறு. அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

கம்பெனியில் நாங்கள் செய்தது கார்களின் முன்விளக்கை மூடுகிற லென்ஸ். பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், ஆனால் பிளாஸ்டிக். ஒரு பெரிய கிண்ணத்தை நீளவாக்கில் இழுத்துவிட்ட மாதிரி வளைந்திருக்கும். அதன்மேல் கோட்டிங் ஏறும்வரை பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும். நகம் பட்டால்கூடக் கோடு விழுந்துவிடும். அதனால் வேலைத் தளத்துக்குள் கால் வைக்கும் முன் ஒரு சோதனை உண்டு. கம்மல், மோதிரம், கொலுசு, ஹேர்பின், எதுவும் கூடாது. செக்யூரிட்டி அம்மா கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்கத் தடவுவார். உலோகம் இருந்தால் அது கத்தும். கல்யாணமானவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. தாலியை மாஸ்கிங் டேப்பால் நன்றாகச் சுற்றி, டிஷர்ட்டுக்குள் போட்டுக்கொண்டு வரலாம்.

முதல் நாள் அந்தக் கருவி என் இடது கையருகே வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அது கத்தவில்லை. சங்குக்கு அது எப்படிக் கத்தும்? நான் அதை ஆண்டவரே தந்த சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கம்பெனி விதியில் மெட்டல் என்றுதானே போட்டிருக்கிறது, சங்கு என்று எங்கே போட்டிருக்கிறது? பயந்தவளுக்கு மூளை இப்படித்தான் வேலை செய்யும். கயிற்றைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுக் கையுறையின் வாயை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

எங்கள் பெஞ்சில் இரண்டு பேர். இடது பக்கம் நான். எதிரே ஒரு அக்கா. ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமம் அவளுக்கு. அவர்கள் நெல் போட்ட நிலத்தில்தான் இப்போது ஏதோ ஒரு கம்பெனியின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறதாம். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், கத்தி மாதிரி நாக்கு. சூப்பர்வைசரிடம் எதிர்த்துப் பேசியே இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். என்னிடமும் ஒன்றும் கொஞ்சிப் பேசமாட்டாள். "சீக்கிரம் எட்து வைய்யி, லென்சுக்கு தாலாட்டா பாட்ற?" என்பாள். எனக்கு அவளிடமும் பயம்தான்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. இடது கையை லென்சின் உள்ளே விட்டு ஏந்திக்கொண்டு, வலது கையால் துடைத்து, விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். புள்ளி, கோடு, குமிழ் ஏதாவது இருந்தால் சிவப்பு மார்க்கரால் அதன்மேல் பெருக்கல் குறி போட்டுச் சிவப்புத் தொட்டியில் தள்ள வேண்டும். நல்லதைத் தூக்கி டிராலியில் அடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் இதுதான்.

அந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், வெயில் ஏற ஆரம்பித்திருந்த ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும், லைனை நிறுத்தச் சொன்னார்கள். குவாலிட்டி பிரிவிலிருந்து ஒரு சார் வந்தார். கையில் இரண்டு லென்ஸ். கார்க் கம்பெனியிலிருந்து ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்துவிட்டதாம். உள்பக்கம் கோடு. கோட்டிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்ட கோடு, அதனால் துடைத்தாலும் போகாது, விளக்கு எரியும்போது மட்டும் பளிச்சென்று தெரியும். எந்த ஷிஃப்ட், எந்த டிராலி என்று எண் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசியில் எங்கள் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"பார்த்துட்டுத்தானே அனுப்பறீங்க? பார்த்ததுக்கப்புறம் விழுந்த கோடு இது. உங்க ரெண்டு பேர்ல யார்கிட்டயோ ஏதோ இருக்கு," என்றார்.

லென்சை விளக்கருகே பிடித்துச் சாய்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கோடு. அதற்குக் கொஞ்சம் தள்ளி, அதே சாய்வில், இன்னொரு சின்னக் கோடு. சொல்லிவைத்த மாதிரி இரண்டு லென்சிலும் அதே கோடுகள், ஒரே இடைவெளியில். பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. சிலுவையின் அடிமுனை ஒன்று, கைமுனை ஒன்று. வியர்வையில் கயிறு தளர்ந்த நாட்களில் அது கையுறைக்கு வெளியே நழுவியிருக்கிறது. நல்லதென்று பார்த்து முடித்த லென்சைத் தூக்கி டிராலியில் வைக்கும்போது, உள்ளே இருந்த என் கையே அதைக் கீறியிருக்கிறது.

அடிவயிறு கலங்கியது. கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. வேலை போனால் ஊருக்குப் போக வேண்டும், ஊருக்குப் போனால் கல்யாணம், நான் பார்க்காத யாரோ ஒருவன், நான் பயப்படுகிற அதே கடல். எல்லாம் ஒரே மூச்சில் கண்முன்னால் வந்து போனது. 'ஆண்டவரே, என்னைக் காப்பாத்தும்' என்று மனசுக்குள் சொன்னேன். வேறு யாரைப் பற்றியும் அப்போது நான் நினைக்கவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் முதலில் எங்கள் காதுகளைப் பார்த்தார். மேலங்கியின் ஜிப்பைப் பார்த்தார். பிறகு டார்ச்சை அடித்தார், அக்காவின் கழுத்துப் பக்கம். தாலியில் சுற்றியிருந்த டேப் ஓர் ஓரத்தில் பிரிந்து சுருண்டிருந்தது.

"இது என்ன? குனிஞ்சு உள்ள பார்க்கும்போது இது உள்ள விழும்ல?" என்று இன்னும் கிட்டே வந்து குனிந்தார்.

அக்கா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் முகத்தை, பிறகு என் முதுகுக்குப் பின்னால் போன கையை. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான்.

"ஆமா சார். என்னோடதுதான். டேப்பு அவுந்து இருந்துச்சி, நான் பாக்கல," என்றாள்.

அவ்வளவுதான். சார் எழுதிக்கொண்டார். சூப்பர்வைசர் அவளை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடனே டீ பெல் அடித்தது. எல்லோரும் கேண்டீனுக்குப் போனார்கள். நானும் போனேன். ஒரு டம்ளர் டீ வாங்கிக் கடைசி சொட்டுவரை குடித்தேன். இன்றுவரை என்னால் நம்ப முடியாத விஷயம் அதுதான்.

பாத்ரூமில் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். சிலுவையைக் கைக்குட்டையில் சுற்றிச் சாக்சுக்குள் போட்டுக்கொண்டேன். தப்பித்தவளுக்கு நிம்மதி வரும் என்பார்கள். எனக்கு வந்தது வேறொரு பயம். அக்கா மனசு மாறிவிட்டால்? வேறு யாராவது பார்த்திருந்தால்? அன்று மத்தியானம் என் பின்னால் ஒரு டிராலி நகர்ந்தால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. நல்ல லென்சில் எல்லாம் கோடு இருப்பதாகத் தோன்றிப் பெருக்கல் குறி போட்டுத் தள்ளினேன். சூப்பர்வைசர் வந்து தொட்டியைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் எதிர்ப்பக்கம் காலி. அக்காவை வேலைக்கு வரவேண்டாமென்று ஹோல்டு பண்ணிவிட்டார்கள், சனிக்கிழமை பத்து மணிக்கு எச்.ஆரில் விசாரணை என்றார்கள். விசாரணை என்பது பேருக்குத்தான், மூன்றாவது மெமோ என்றால் முடிந்தது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். "அந்த வாய்க்கு எப்பவோ போக வேண்டியது," என்றாள் ஒருத்தி. நான் தலையாட்டினேன். வாய் திறந்து ஆமாம் சொல்லவில்லை, ஆனால் தலை ஆடியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் போனேன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து எங்களைப் போலத் தெற்கிலிருந்து வந்தவர்களுக்காகப் பூசை நடத்துவார்கள். சுவரைச் சுற்றி, ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியின் பதினாலு ஸ்தலங்களும் ஃபிளெக்ஸில் அச்சடித்து ஒட்டியிருக்கும். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க, ஒவ்வொரு படத்தின் முன்னும் முழந்தாளிட்டு எழுந்து போக வேண்டும். சாவுக்குத் தீர்ப்பிடுகிறார்கள். சிலுவையைச் சுமத்துகிறார்கள். விழுகிறார். எழுகிறார். திரும்ப விழுகிறார்.

"நம் இடத்தில் அவர் நின்றார்," என்று சாமியார் வாசித்தார். எத்தனையோ வருஷமாகக் கேட்ட வார்த்தை. அன்றைக்குத்தான் நம் இடம் என்றால் எது என்று எனக்குத் தெரிந்தது. பெஞ்சின் இடது பக்கம். குழல்விளக்குக்குக் கீழே, நீல நிற ரப்பர் விரிப்பின் மேல், என் செருப்பு அளவுக்கு ஓர் இடம்.

அப்போது அப்பா ஞாபகம் வந்தார். எங்கள் ஊரில் பெரிய வியாழன், வெள்ளியில், ஆண்டவர் பட்ட பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் போடுவார்கள். அப்பாவுக்கு வருஷா வருஷம் ஒரே வேஷம். ஆண்டவருக்குப் பதிலாக விடுதலையாகிறானே ஒரு கைதி, அவன். வசனம் கிடையாது என்பதால் வேறு யாரும் அதற்கு வரமாட்டார்கள். சங்கிலியோடு இழுத்து வருவார்கள். சனங்கள் இவனை விடு, அவரைக் கொல்லு என்று கத்துவார்கள். சங்கிலி கழன்றதும் அப்பா மேடையிலிருந்து குதித்து, கூட்டத்துக்கு நடுவே புகுந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடிவிடுவார். பிள்ளைகள் நிலக்கடலைத் தோலை எறிந்துகொண்டு துரத்துவோம். நாடகம் முழுக்க நாங்கள் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஒருமுறை கேட்டேன். "பொறவு அவன் எங்கப்பா போனான்?"

"எனக்கென்ன தெரியும்? நான் வேஷத்தக் கலைச்சிட்டு டீ குடிக்கப் போயிருவேன்," என்றார் அப்பா.

அந்த மாடியில் பதினாலு படத்தையும் திரும்பச் சுற்றிப் பார்த்தேன். ஒரு படத்திலும் அந்தக் கைதி இல்லை. ஆண்டவரின் அம்மா இருக்கிறாள், அழுகிற பெண்கள் இருக்கிறார்கள், சிலுவை தூக்க உதவியவன் இருக்கிறான், ஆணி அடிக்கிறவன்கூட இருக்கிறான். யாருக்குப் பதிலாக இதெல்லாம் நடக்கிறதோ அவனைக் காணோம். அவன் எங்கோ ஒரு சந்தில், கழன்ற சங்கிலியின் தழும்பைத் தடவிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் தன்னைத்தான் திரும்பப் பிடிக்க வருகிறார்கள் என்று நடுங்கியிருப்பான். அவனுக்கு மீட்பு இப்படித்தான் வந்திருக்கும். பாட்டும் பூவும் இல்லாமல், வயிற்றுக் கலக்கமாக.

எனக்கு அழுகை வந்தது. பக்தி என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற பெண் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் அழுதது அதற்கில்லை. ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்க என்னால் ஆகாது. அது நடந்து முடிந்தது, வாங்கிக்கொள்ளத்தான் முடியும் என்பது எங்கள் விசுவாசம். ஆனால் அக்கா இன்னும் ஏறவில்லை. சனிக்கிழமை பத்து மணிவரை அவளை நான் இறக்கலாம். அதைத் தெரிந்துகொண்டதுதான் என்னைப் பயமுறுத்தியது. தெரியாமலே இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

சனிக்கிழமை எனக்கு வாராந்திர லீவு. ஹாஸ்டலில் மூன்று முறை செருப்பைப் போட்டேன், மூன்று முறை கழற்றினேன். காய்ச்சல் வந்தால் நன்றாயிருக்கும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பது மணி பஸ்ஸை வேண்டுமென்றே விட்டேன். அடுத்த பஸ் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஆபீசில் போய் நின்றபோது பத்து இருபது.

எச்.ஆர். சார் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் கைக்குட்டையை அவிழ்த்துச் சிலுவையை மேசைமேல் வைத்தேன்.

"சார், கோடு போட்டது இது சார். அக்கா இல்ல. நாந்தான்," என்றேன். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் அவ்வளவுதான் வெளியே வந்தது.

அவர் சிலுவையை விரலால் தொட்டுத் திருப்பினார். "இது மெட்டலா?"

"இல்ல சார். சங்கு."

"மெட்டல் இல்லன்னா ரூல் எதுவும் மீறலையே." அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னார். "இங்க பாரும்மா. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இப்பத்தான் கணக்கு முடிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டு வெளியில போனாங்க. கஸ்டமருக்கு ரிப்போர்ட் நேத்தே போயிடுச்சு. காரணம் இது, இனிமே இப்படிச் செக் பண்ணுவோம்னு எழுதி அனுப்பியாச்சு. இப்ப நீ வந்து வேற காரணம் சொன்னா எங்க மானம்தான் போகும்."

"அக்காவுக்கு வேலை சார்..."

"நீ நல்ல பொண்ணு. இத வெளியில பேசாத. நீ போம்மா," என்றார். சிலுவையைக் கைக்குட்டையோடு என் பக்கம் தள்ளினார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் வந்தது. படிக்கட்டு இறங்குவதற்குள் அந்த அப்பாடா போய்விட்டது. அந்தக் கைதி தானே திரும்ப ஓடிப்போய் நான்தான் குற்றவாளி என்று கத்தியிருந்தாலும் அவனை இப்படித்தான் அனுப்பியிருப்பார்களோ? அவர்களுக்கு வேண்டியது ஓர் ஆள். ஆள் கிடைத்துவிட்டது.

ஷேர் ஆட்டோ பிடித்து அக்காவின் ஊருக்குப் போனேன். தெருக்குழாயருகே விசாரித்தால் வீட்டைக் காட்டினார்கள். அக்காவும் அப்போதுதான் வந்திருக்க வேண்டும், கட்டிக்கொண்டு போன நல்ல புடவையைக்கூட மாற்றாமல், வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா இந்தப் பக்கம்?" என்றாள். நான் நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டேன்.

"ஏய், அயுவாத. தெருவே பாக்குது. உள்ள வா."

"நான் போயி சொல்லிட்டேங்க்கா. நாந்தான்னு சொல்லிட்டேன். அவுக கேக்க மாட்டேங்காவ."

கீரைக்கொத்தைத் தட்டில் எறிந்தாள். "யாரு உன்ன போய் சொல்ல சொன்னது? மூணு நாளு கயிச்சி வந்து சொல்றா! சொல்றதா இருந்தா அன்னிக்கே சொல்லி இருக்கணும். இல்ல வாய மூடிகினு இருந்து இருக்கணும்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்க்கா?"

"ஷிஃப்ட்டு ஆரம்பிக்க சொல்லோ தெனமும் கைய மூடிகினு கண்ண மூடுவியே. நாலு மாசமா எதிர்ல நிக்கறேன், எனுக்கு கண்ணு இல்லியா?"

"பொறவு ஏன்க்கா..."

அவள் எறிந்த கீரைக்கொத்தைத் திரும்பக் கையில் எடுத்தாள். "அந்த ஆளு டார்ச்ச அடிச்சிகினு கிட்ட கிட்ட வரான். எப்படியாவது அங்கேர்ந்து வெளிய வந்தா போதும்னு இருந்துச்சி. அப்போதான் உன் மூஞ்சிய பாத்தேன். ரத்தமே இல்ல. இது இங்கியே வுயுந்துடும் போலகீதேன்னு நெனச்சேன். வாய்ல வந்துட்ச்சி. யோசன பண்ணி இருந்தா சொல்லி இருக்க மாட்டேன். நீ ஒண்ணும் பெர்சா நெனச்சிக்காத."

"ஒங்களுக்குப் பயமா இல்லையாக்கா?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் என்னைப் போன்றவளுக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.

"பயம் இல்லாம?" என்று கையை நீட்டிக் காட்டினாள். "கையெயுத்து போட சொல்லோ இப்டி ஆடிச்சி. என் பேரே எனுக்கு மறந்து பூட்ச்சி. மூணு நாளா சோறு எறங்கல. கம்பெனி பஸ்ஸு ஆரன் அட்ச்சா வயித்துல கலக்குது. எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் சொல்லல."

நீட்டிய கை அப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற சிலுவையில் ஆண்டவர் தூங்குவதுபோல இருப்பார். அதைப் பார்த்துப் பார்த்து, அவருக்குப் பயமே இல்லை, அதனால்தான் அவரால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் அதற்கு முந்தைய நாள் தோட்டத்தில் அவர் வியர்த்து நடுங்கி, இது என்னைவிட்டுப் போகட்டுமே என்று கெஞ்சியதையும் அதே சிஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் அந்தக் கேள்வி வராது என்பதால் விட்டுவிட்டேன். பயப்படாதவர் ஒருவர் வந்து பயந்தவளை மீட்கவில்லை. அவரும் பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாக இருந்தது, ஏனென்றால் பயம் என்பது இனிமேல் எனக்கு ஒரு சாக்காக ஆகாது.

கைக்குட்டையோடு சிலுவையை அவளிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எனுக்கு எதுக்கு? உங்க அம்மா கட்னது," என்று தள்ளினாள். "போடறதா இருந்தா வெளிய தெரியற மாதிரி போடு. ஒளிச்சி வெச்சதாலதான் இவ்ளோவும்." பிறகு, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன். இருவருக்கும் சோறு பாதிக்குமேல் இறங்கவில்லை.

அடுத்த வாரம் புது விதி வந்தது. கஸ்டமருக்கு எழுதிக் கொடுத்தபடி, கல்யாணமான பெண்கள் எல்லோரும் கேட்டருகே தனி வரிசையில் நின்று, கழுத்துப் பட்டனைத் திறந்து, தாலியில் சுற்றிய டேப்பைச் செக்யூரிட்டி அம்மாவிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும். முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். காலை ஆறு மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கித் தூக்கக் கலக்கத்தோடு கழுத்தைத் திறந்துகொண்டு நிற்பார்கள். கோடு போட்ட எனக்குக் கழுத்தில் தாலி இல்லை. செக்யூரிட்டி அம்மா என்னைப் பார்த்ததும் கையசைப்பார். "உனக்கு இல்ல. நீ போம்மா."

மூன்று வாரம் அப்படிப் போனேன். சிலுவையை இப்போது கழுத்தில் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்து, லாக்கரில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறேன். அக்கா சொன்னதில் பாதியைத்தான் செய்திருந்தேன். மீதிப் பாதி என்ன என்று எனக்குத் தெரியும். தினமும் அந்த வரிசையைத் தாண்டும்போது, நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொள்வேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காலை வரிசை மெதுவாக நகர்ந்தது. ஒரு பெண்ணின் டேப் சரியில்லை என்று திரும்பச் சுற்றச் சொன்னார்கள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவளோ ஒருத்தி கவனம் இல்லாம டேப்ப அவுத்து போட்டா. அந்த மூதேவியால நம்ம எல்லாரும் தெனமும் சட்டைய தொறந்து காட்டிகினு நிக்கணும்," என்றாள். நாலு பேர் ஆமாம் என்றார்கள். ஒருத்தி அக்காவின் பேரைச் சொல்லியே திட்டினாள்.

செக்யூரிட்டி அம்மா என்னைப் பார்த்துக் கையசைத்தார். ஓடிவிடலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடுகிற அப்பாவின் முதுகு கண்ணுக்குள் வந்து போனது.

"அவுக இல்ல," என்றேன். சத்தம் வரவில்லை. திரும்பச் சொன்னேன். "அந்த அக்கா இல்ல. நாந்தான். இந்தச் சிலுவைதான் கீறுச்சு. எனக்காக அவுக பழிய ஏத்துக்கிட்டாவ. அவுகள யாரும் திட்டாதீங்க."

முப்பது பேரும் திரும்பினார்கள். திறந்த கழுத்துகளோடு அப்படியே நின்றார்கள். திட்டியவள் என் முகத்தையும் கழுத்திலிருந்த சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் பஸ்கள் வந்து நின்றுகொண்டிருந்தன.

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு, நீ போம்மா," என்றார் செக்யூரிட்டி அம்மா.

நான் போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டேன். கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.